வானில் ஒரு மணி, வாசலில் நாலு மணி: சேலம் – சென்னை தூரக் கணக்கு

சேலத்துக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் குறைந்தது நாலு பதில் கிடைக்கும். சென்னை சென்ட்ரலிலிருந்து சேலம் ஜங்ஷனுக்குத் தண்டவாளத் தூரம் 334 கி.மீ. ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகப் போகும் சாலை ஏறத்தாழ 340. ஓமலூரை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 265. அறிவிக்கப்பட்டு, நீதிமன்றப் படியேறி, இன்றுவரை நிலத்தில் இறங்காத எட்டு வழிப் பசுமைச் சாலையின் திட்டத் தூரம் 277. நாலு பதிலும் சரிதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான பதில்.

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்தில் நின்றுகொண்டு கேட்பவருக்கு இந்த நாலும் போதாது. அவர் முதலில் தாரமங்கலம் தாண்டி சூரமங்கலத்தில் உள்ள சேலம் ஜங்ஷனுக்கோ, ஓமலூர் தாண்டி காமலாபுரத்துக்கோ போய்ச் சேர வேண்டும். அந்த முதல் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் எந்த விமான அட்டவணையிலும் இல்லை, எந்த ரயில் அட்டவணையிலும் இல்லை. ஊரிலுள்ள யாரைக் கேட்டாலும் சேலம் இத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல மாட்டார்கள். "பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்" என்பார்கள். பயணம் செய்கிறவர்களுக்குத் தேவைப்படும் கணக்கு அதுதான்.

இரண்டு நகரங்களின் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் நொடியில் வந்துவிடுகின்றன. லண்டன் – பாரிஸ் ஆனாலும் சேலம் – சென்னை ஆனாலும் அந்த இரண்டு எண்கள்தான் முதலில் கண்ணில் படும். அந்த எண்கள் எதை அளக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன, அரசும் சட்டமும் அவற்றை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதைச் சேலம் – சென்னைப் பாதையை வைத்து இக்கட்டுரை பார்க்கிறது. முந்நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்தில் வானில் கழியும் நிமிடங்கள் முடிவைத் தீர்மானிப்பதில்லை. இரண்டு முனைகளிலும் தரையில் நடப்பதும், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்பதுமே தீர்மானிக்கின்றன. இதுவே என் வாதம்.

எந்தத் தூரம்?

விமானத் தூரம் என்று சொல்லப்படுவது பூமியின் வளைந்த மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி. ஒரு பந்தின் மேல் இரண்டு இடங்களைத் தொட்டு நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியில் படிகிறதோ அந்த வழி. சென்னை – லண்டன் போன்ற 8,200 கி.மீ. பயணத்தில் இந்த வளைவு வரைபடக் கோட்டிலிருந்து வெகுவாக விலகும். சேலம் – சென்னை அளவில் இரண்டும் ஒன்றுதான்.

இப்படி நேர்கோட்டுத் தூரத்தைத் துல்லியமாக அளக்கும் வேலை இந்தியாவில் தொடங்கியதே நம் பக்கத்தில்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அடிவாரத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு முதல் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த பெரு நிலவளவை, பிறகு 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கிலும் வடக்கிலும் நீண்டது. அந்தத் தீர்க்கரேகை தாரமங்கலத்துக்குச் சற்றுக் கிழக்கே, ஜலகண்டாபுரத்துக்கும் சேலத்துக்கும் நடுவே ஓடுகிறது. இன்று சென்னை விமான நிலையம் இருப்பது அதே பரங்கிமலைக்குப் பக்கத்தில். நூற்றாண்டுகளாக நடைக்கும் மாட்டுவண்டிக்கும் மட்டுமே தெரிந்திருந்த ஊர்த் தூரங்கள், மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்குப் பார்வைக் கோடு போட்டு அளந்த எண்களாக மாறியது அப்போதுதான்.

எண் துல்லியமானாலும் அதன் இரண்டு முனைகள் எங்கே இருக்கின்றன என்ற கேள்வி மிச்சம் நிற்கிறது. நகரத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் ஒன்று வரும், விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தால் வேறு வரும். லண்டன் – பாரிஸ் விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் குறைந்த கட்டண விமானத்தில் பாரிஸ் போகிறவர் பலர் இறங்குவது பாரிஸுக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே உள்ள பொவே நிலையத்தில். பிராங்க்பர்ட் – ஹான் என்று பெயர் வைத்த விமான நிலையம் பிராங்க்பர்ட்டிலிருந்து சாலையில் சுமார் 120 கி.மீ. தள்ளி இருக்கிறது. சேலத்திலிருந்து ஈரோட்டைத் தாண்டிப் போகிற தூரம் அது. டிக்கெட்டில் நகரத்தின் பெயர் இருக்கும், மிச்ச வழியைப் பயணி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வகையில் நகரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் காமலாபுரம் எவ்வளவோ மேல்.

நேர்கோடு எப்போதும் திறந்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியபோது ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத்தை ஒட்டி நீண்டது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருந்தன. 2019இல் பாகிஸ்தான் வான்வெளி சில மாதங்கள் மூடப்பட்டபோது டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்களுக்கும் இதே கதி.

எந்த நேரம்?

விமான அட்டவணையில் புறப்பாடு, வருகை என்று போட்டிருக்கும் இரண்டு நேரங்களுக்கு இடைப்பட்டது முழுவதும் பறக்கும் நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கிய கணம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் கணம் வரை உள்ள மொத்தமும் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்க இடம் கிடைக்கும் வரை சுற்றுவது எல்லாம் அதற்குள்தான் வரும்.

இப்பாதையில் பறக்கும் ஏடிஆர் 72 ரக விமானம் எழுபது பேருக்குச் சற்று மேல் உட்காரக்கூடியது. விசிறி பொருத்திய எந்திரம். உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. அந்த வேகத்திலேயே முழுத் தூரமும் போக முடிந்தால் 265 கி.மீ.க்கு 32 நிமிடம் போதும். அட்டவணையோ ஒரு மணி நேரத்தை ஒட்டிக் காட்டுகிறது. கிட்டத்தட்ட பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலும் ஊர்வதிலும் போகிறது. ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் போகும். காகிதத்தில் அதற்கு 19 நிமிடம் போதும். ஆனால் அந்த உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும். குறுந்தூரத்தில் ஜெட்டின் வேகம் வீணாவதும், சின்ன விசிறி விமானம் எரிபொருளை மிச்சப்படுத்தி ஏறக்குறைய அதே நேரத்தில் போய்ச் சேர்வதும் இதனால்தான்.

இதன் கடைக்கோடி உதாரணம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரே தீவிலிருந்து பாபா வெஸ்ட்ரே தீவுக்கு லோகன்ஏர் நடத்தும் சேவைதான் உலகின் மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம். தூரம் 2.7 கி.மீ., அட்டவணை நேரம் இரண்டு நிமிடம், காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஜலகண்டாபுரம் பஸ் நிலையத்திலிருந்து பக்கத்துக் கிராமத்துக்கு நடந்து போகிற தூரத்துக்கு ஒரு விமானம். நடுவில் கடல் இருப்பதால் அங்கே அது வீம்பு ஆகவில்லை. தடை எது என்பதைப் பொறுத்தே விமானத்தின் பெறுமதி.

அட்டவணை நேரத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. தாமதப் பட்டியலில் சிக்காமல் இருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே நேரம் போடும். அறிவித்த நேரத்துக்கு மேல் பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் சரியான நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. ஆகவே "பத்து நிமிடம் முன்னதாகவே தரையிறங்கினோம்" என்ற அறிவிப்பில் மகிழ்வதற்கு அதிகமில்லை.

தூரத்துக்கு நஷ்டஈடா, நேரத்துக்கா?

இந்த அளவுகள் பயணியின் பையிலும் வந்து முட்டுகின்றன. விமானம் ரத்தானாலோ வெகுவாகத் தாமதமானாலோ ஐரோப்பாவில் நஷ்டஈடு தூரத்தைப் பொறுத்தது. 2005 முதல் நடைமுறையில் இருக்கும் 261ஆம் எண் விதிப்படி 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் 400, ஐரோப்பாவுக்கு வெளியே 3,500 கி.மீ.க்கு மேல் போனால் 600. தூரம் அளப்பது மேலே சொன்ன நேர்கோட்டு முறையில்.

இந்தியாவில் அளவுகோல் நேரம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியில் முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு ரூ.5,000, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. வானிலை போன்ற கைமீறிய காரணம் என்றால் அதுவும் இல்லை. இங்கே சேலம் – சென்னை சுவாரசியமான இடத்தில் நிற்கிறது. அட்டவணை நேரம் ஒரு மணியை ஒட்டி இருப்பதால், ஐந்து நிமிடம் கூட்டிப் போட்டால் ஒரு படி, குறைத்துப் போட்டால் வேறு படி. தரையில் தூரம் மாறாமலே பயணியின் உரிமை மாறுகிறது.

கட்டணத்திலும் இரண்டு அளவையும் அரசு மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறது. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்க 2016இல் அறிவித்த உடான் திட்டத்தில் ஒரு மணி நேரம், அதாவது ஏறத்தாழ 500 கி.மீ. பயணத்துக்கு ரூ.2,500 உச்சவரம்பு என்று பேசப்பட்டது. விமானத்தின் பாதியளவு இருக்கைகளுக்கு அந்த வரம்பு பொருந்தும். நிறுவனத்துக்கு விழும் துண்டை மூன்றாண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும். 2020 மே மாதம் ஊரடங்குக்குப் பின் விமானங்கள் மீண்டும் பறந்தபோது பறக்கும் நேரத்தை வைத்து ஏழு படிகள் வகுத்துக் கட்டணத்துக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் போட்டார்கள். நாற்பது நிமிடத்துக்குள் என்றால் ரூ.2,000 முதல் ரூ.6,000 வரை. 2022 ஆகஸ்ட் இறுதியில்தான் அது விலக்கப்பட்டது. அந்தக் காலத்தில் நிமிடங்களே விலைப்பட்டியலாக இருந்தன.

காமலாபுரத்தின் விட்டு விட்டு வந்த விமானங்கள்

சேலம் விமான நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. என்.இ.பி.சி. நிறுவனம் சிறிது காலம் சேவை நடத்தி, போதிய ஆள் ஏறாததால் நிறுத்திக்கொண்டது. பிறகு பல ஆண்டுகள் ஓடுபாதை வெறிச்சோடிக் கிடந்தது. 2009இல் கிங்பிஷர் சென்னைக்குப் பறந்தது, 2011இல் நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் வந்தது, 2021இல் அதுவும் நின்றது. கொரோனா ஒரு பக்கம், நிறுவனத்தின் பணமுடை ஒரு பக்கம், மூன்றாண்டு உதவிக் காலம் முடிந்தது ஒரு பக்கம். 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு – சேலம் – கொச்சி பாதையிலும், இண்டிகோ சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் பாதைகளிலும் சேவை தொடங்கின.

முப்பது ஆண்டுகளில் நாலு தொடக்கம், மூன்று நிறுத்தம். சேலத்தில் பணம் இல்லையா, ஆள் இல்லையா? இரும்பாலை, ஜவுளி, ஜவ்வரிசி, பக்கத்து நாமக்கல்லில் முட்டை, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி என்று தொழிலுக்குக் குறைவில்லாத வட்டாரம் இது. ஆளும் உண்டு, பணமும் உண்டு. ஆனால் நாளுக்கு ஒரு விமானம் என்ற ஏற்பாடு தொழில்காரருக்கு ஒத்துவருவதில்லை. காலையில் போய் மாலையில் திரும்ப முடியாத விமானம், வியாபாரியைப் பொறுத்தவரை பாதி விமானம்தான். ஆள் குறைந்தால் விமானத்தைக் குறைப்பார்கள், விமானம் குறைந்தால் ஆள் இன்னும் குறையும். இந்தச் சுழலில்தான் ஒவ்வொரு முறையும் சேவை மாட்டிக்கொண்டது.

ஓடுபாதையும் ஒரு வரம்பு. அதன் நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர். ஏடிஆர் விமானத்துக்கு அது தாராளம். முழுப் பாரத்தோடு ஏர்பஸ் 320 ஏறி இறங்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் உயரம், சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தொடும் வெப்பம் இரண்டும் சேர்ந்தால் காற்று லேசாகிவிடும். லேசான காற்றில் இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும், விமானம் இன்னும் கொஞ்சம் ஓடித்தான் மேலெழும். ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் நிலம் கேட்கப்பட்டது. 2018இல் அளக்க வந்த அதிகாரிகள் முன் விவசாயிகள் திரண்டு நின்று எதிர்த்தார்கள்.

வாசல் முதல் வாசல் வரை

ஜலகண்டாபுரம் நெசவு ஊர். தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. இங்கிருந்து சேலை மாதிரிகளை எடுத்துக்கொண்டு சென்னை சௌகார்பேட்டைக்குப் போகும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

விமானத்தில் போவதென்றால் காரில் தாரமங்கலம், ஓமலூர் வழியாகக் காமலாபுரம் சேர முக்கால் மணி நேரம். செக்-இன் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், ஆகவே அதற்கும் சற்று முன்பாக அங்கே நிற்க வேண்டும். அட்டவணை நேரம் ஒரு மணி. மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டி எடுத்து, வெளியே வர அரை மணி. அங்கிருந்து மெட்ரோவில் சென்ட்ரல், பிறகு ஆட்டோ என்று சௌகார்பேட்டைக் கடை வாசலுக்கு இன்னும் ஒரு மணி. கூட்டினால் நாலே கால் மணி நேரத்துக்கு மேல். இதில் விமானம் உண்மையில் வானில் இருப்பது முக்கால் மணிக்கும் குறைவு.

ரயிலில் போவதென்றால் சூரமங்கலம் ஜங்ஷனுக்குக் காரில் ஒரு மணி, நடைமேடையில் கால் மணி. 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை – சென்னை வந்தே பாரத் சேலத்திலிருந்து சென்ட்ரலுக்குப் போக நாலு மணிக்குச் சற்றுக் குறைவு. சென்ட்ரலிலிருந்து சௌகார்பேட்டை கூப்பிடு தூரம், கால் மணி போதும். கூட்டினால் ஐந்தரை மணி. விமானத்தால் மிஞ்சுவது ஒரு மணியும் சில்லறையும்.

அந்த ஒரு மணிக்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். சாதாரண உள்நாட்டுக் கட்டணத்தில் பெட்டிக்குப் பதினைந்து கிலோதான் வழக்கம். ஜரிகை கனத்த பட்டுச் சேலைகளை இருபது வைத்துப் பெட்டியையும் சேர்த்து நிறுத்தால் தராசு எல்லையைத் தொட்டுவிடும். ரயிலில் கட்டைப் பையோடு ஏறி, தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் போனில் ஆர்டர் பேசிக்கொண்டே போகலாம். இரவு பஸ்ஸில் ஏறுகிறவர் ஆறேழு மணி நேரத்தைத் தூக்கத்தில் கழித்துவிட்டு விடியலில் சென்னையில் இறங்கிக் குளித்துவிட்டுக் கடைக்குப் போகிறார். கடிகாரப்படி மிக நீண்ட பயணம் அதுதான். ஆனால் அதில் வேலை நாள் ஒன்றும் குறைவதில்லை, விடுதிச் செலவும் இல்லை. ஊர் வியாபாரிகள் பலர் இன்னும் இரவு பஸ்ஸை விடாததற்குக் கஞ்சத்தனம் காரணமில்லை. அவர்கள் நேரத்தைச் சரியாகத்தான் கணக்கிடுகிறார்கள்.

இதே வியாபாரி மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் குரோம்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போகிறார் என்று வையுங்கள். கணக்கு தலைகீழாகிவிடும். சென்ட்ரல் வரை போய்த் திரும்பி வரும் தொல்லை ரயில் பக்கம் ஏறிவிடும், விமானத்தின் லாபம் இரண்டு மணிக்கு மேல் போய்விடும். நகரங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றே, வாசல்களுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறு.

லா ஷாப்பேல் காட்டும் பாடம்

ஐரோப்பா இக்கேள்வியை நமக்கு முன்பே சந்தித்துவிட்டது. லண்டன் – பாரிஸ் நேர்கோட்டுத் தூரம் 344 கி.மீ. விமானத்துக்கு அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி. 1994இல் கால்வாய்ச் சுரங்கம் வழியாக யூரோஸ்டார் ரயில் வந்தது. 2007இல் இங்கிலாந்துப் பக்கத்து அதிவேகத் தண்டவாளம் முழுமையானபோது மிக வேகமான வண்டி இரண்டே கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அட்டவணையை மட்டும் பார்த்தால் விமானம் ஒரு மணி முந்துகிறது. நடைமுறையில் இரு நகரங்களுக்கு இடையே ரயிலே முன்னணியில் நிற்கிறது.

ஏன் என்று பாரிஸில் வாழும் ஈழத் தமிழரைக் கேட்டால் தெரியும். அவர்களுடைய கடைத்தெருவான லா ஷாப்பேல், யூரோஸ்டார் புறப்படும் கார் து நோர் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போகிறவர் பூமாலையும் பலகாரமும் வாங்கிக்கொண்டு நேரே நிலையத்துக்கு நடந்துவிடலாம். கடவுச்சீட்டுச் சோதனை உண்டு, முன்கூட்டியே போக வேண்டும். ஆனாலும் இறங்குமிடம் லண்டனின் நடுவில் செயின்ட் பான்கிராஸ், அங்கிருந்து ஈஸ்ட்ஹாமுக்கோ ஹாரோவுக்கோ பாதாள ரயில். விமானத்தில் போகிறவர் வடகிழக்கே சார்ல் து கோல் வரை போய், பிறகு ஹீத்ரோவிலிருந்து திரும்ப நகருக்குள் வர வேண்டும். சௌகார்பேட்டைக்கு சென்ட்ரல் எப்படியோ, லா ஷாப்பேலுக்கு கார் து நோர் அப்படி.

1981இல் பாரிஸ் – லியோன் அதிவேக ரயிலும், 2008இல் மாட்ரிட் – பார்சிலோனா ரயிலும் இதே முடிவைத்தான் காட்டின. மாட்ரிட் – பார்சிலோனா இடையே 1974 முதல் ஐபீரியா நிறுவனம் முன்பதிவே வேண்டாத தொடர் விமானச் சேவை நடத்தியது. உலகில் மிக நெரிசலான பாதைகளில் ஒன்று. 621 கி.மீ. தண்டவாளத்தை இரண்டரை மணியில் கடக்கும் ரயில் வந்ததும் பயணிகள் பெருமளவில் அதற்கு மாறிவிட்டார்கள். பிரான்ஸ் ஒரு படி மேலே போய், இரண்டரை மணிக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று 2021இல் சட்டம் போட்டு 2023 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாரிஸ் ஓர்லியிலிருந்து லியோன், நாந்த், போர்தோ பாதைகள் நின்றன. அந்தச் சட்டமும் கிலோமீட்டரை அளவாக வைக்கவில்லை, ரயில் நேரத்தைத்தான் வைத்தது.

அந்த அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால் சேலம் – சென்னை தப்பித்துவிடும். நம் ரயில் நாலு மணி நேரத்தை ஒட்டி எடுக்கிறது. அதனால்தான் விமானத்துக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஜோலார்பேட்டை – காட்பாடி வழியில் இரண்டரை மணியில் ஓடும் ரயில் ஒன்று வந்துவிட்டால் காமலாபுரம் – மீனம்பாக்கம் விமானத்துக்கு உள்ளூர்ப் பயணி கிடைக்க மாட்டார்.

நேர்கோட்டின் விலை

ரயிலும் விமானமும் இப்படி இழுபறியில் இருக்கும்போது 2018இல் மூன்றாவது வழி ஒன்று முன்வைக்கப்பட்டது. சேலம் – சென்னை எட்டு வழிப் பசுமைச் சாலை. ரூ.10,000 கோடி மதிப்பீடு, 277 கி.மீ., காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என ஐந்து மாவட்டங்கள். பயண நேரம் ஏறக்குறைய பாதியாகும் என்று அரசு சொன்னது. 277 என்ற எண்ணை 265 என்ற வான்கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பறவை போகும் வழியை ஏறத்தாழ அப்படியே தரையில் இழுத்தது அந்தத் திட்டம்.

பழைய சாலைகள் வளைவதற்குக் காரணம் உண்டு. அவை ஊரிலிருந்து ஊருக்குப் போயின, குன்றைச் சுற்றின, ஏரிக்கரையில் ஏறின. நேர்கோடு எதையும் சுற்றாது. அதன் வழியில் கிணறு இருந்தாலும், தென்னந்தோப்பு இருந்தாலும், காப்புக்காடு இருந்தாலும் ஊடே போகும். நிலம் கொடுக்க மறுத்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாலையை அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னது. சாலை வரவில்லை.

ஓடுபாதை நீட்டிப்புக்கும் இதே கேள்விதான். சுருங்கும் நிமிடங்கள் யாருக்கு, சுருங்கும் நிலம் யாருடையது? சென்னைக்கு அரை மணி முன்னால் போய்ச் சேர்கிறவரும், கிணற்றோடு நிலத்தைக் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். பறக்கும் நேரத்தைக் காட்டும் திரையில் இந்த வரவுசெலவுக்கு இடமில்லை.

எந்தத் தூரத்தில் விமானம் வெல்லும்?

இதுவரை பார்த்ததை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம். நல்ல ரயில் இருந்தால் 300 கி.மீ. வரை விமானத்துக்குச் சொல்லும்படியான லாபம் இல்லை. 500 கி.மீ. தாண்டினால், மாட்ரிட் – பார்சிலோனா போல அதிவேக ரயில் இல்லாத இடத்தில், விமானம் தெளிவாக முந்தும். நடுவில் இருப்பது இழுபறி. சேலத்திலிருந்து ஹைதராபாத் நேர்கோட்டில் சுமார் 600 கி.மீ. ரயிலில் ஓர் இரவு முழுக்கப் போய்விடும். விமானத்தில் காலையில் புறப்பட்டு மதிய வேலைக்குப் போய்ச் சேரலாம். காமலாபுரத்துக்கு மிகப் பொருத்தமான பாதை இதுதான். கொச்சி நேர்கோட்டில் 260 கி.மீ.க்குள், ரயிலோ பாலக்காடு கணவாய் சுற்றி ஆறு மணி நேரத்தை ஒட்டி எடுக்கும். இங்கே இழுபறி. பெங்களூரு நேர்கோட்டில் 160 கி.மீ.தான். அங்கேயே வேலை உள்ளவருக்குச் சாலையே போதும். ஆனால் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் வெளிநாட்டு விமானம் ஏற வேண்டிய மாணவருக்கு, பெட்டியைச் சேலத்திலேயே ஒப்படைத்துவிட்டுப் போக முடிந்தால், அந்தச் சிறு விமானம் நாலைந்து மணி நேரக் கார் பயணத்தையும் நெரிசல் பயத்தையும் மிச்சப்படுத்தும்.

நடுவில் தடை இருந்தால் இந்தக் கணக்கு எல்லாம் மாறும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்குப் போகும் விமானம் இதற்குச் சாட்சி. 2019இல் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்த அந்தச் சேவையின் நேர்கோட்டுத் தூரம் சுமார் 355 கி.மீ. சேலம் – சென்னையை விடத் தொண்ணூறு கிலோமீட்டர் அதிகம். பறப்பது அதே ஏடிஆர் ரகம். ஆனால் நடுவில் பாக் நீரிணை. முன்பெல்லாம் யாழ்ப்பாணம் போக கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து இரவு முழுவதும் பஸ்ஸில் வடக்கே போக வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் தொடங்கியபோது கடலில் நாலு மணி நேரம் என்றார்கள், நாகப்பட்டினம் போய்ச் சேரும் இரவு தனி. அந்த ஒன்றேகால் மணி விமானம் மிச்சப்படுத்துவது ஒரு முழு நாள்.

சேலத்துக்கு அப்படி ஒரு கடல் இல்லை. இருப்பது தரையில் உள்ள தடைகள். ஓமலூரில் மாற வேண்டிய பஸ், நெடுஞ்சாலையில் இறங்கி நிலையம் வரை ஆட்டோ, வேலைக்குப் பொருந்தாத நேரத்தில் புறப்படும் ஒரே விமானம். எடப்பாடி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் வழியாக விமான நேரத்துக்குப் பொருந்த ஒரு பஸ் காமலாபுரம் வாசல் வரை வந்தால் காருக்குச் செலவிட முடியாதவருக்கு ஒரு மணி நேரமாவது மிஞ்சும். அதற்கு ஓர் ஏக்கர் நிலமும் எடுக்க வேண்டியதில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று விமானம் பறந்தால் ஒரு விடுதி இரவு மிஞ்சும். விமானத்தின் வேகத்தை மணிக்கு நூறு கிலோமீட்டர் கூட்டினாலும் இப்பாதையில் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் மிஞ்சாது. சேலம் விமான நிலையத்தை வளர்க்க வேண்டும் என்று கோருகிறவர்கள் ஓடுபாதையின் நீளத்தைக் கேட்பதற்கு முன்னால் பஸ் நேரத்தையும் விமான நேரத்தையும் கேட்க வேண்டும். செலவு குறைந்ததும், யாருடைய கிணற்றையும் மூடாததும் அந்தக் கோரிக்கைதான்.